நீலக்கோடு வந்தால் ரிங்கைக் கொடுத்துவிட வேண்டும்: கனடாவின் ரிங்கெட் அணிகள் பற்றிப் பேசுவோம்

ஓர்லியன்ஸ் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் களத்தில் ஐஸ் ஹொக்கிக்கு மூன்று இழை இருக்கிறது, உதைபந்தாட்டத்துக்கு எத்தனை என்றே எண்ண முடியவில்லை. பெண் பிள்ளைகள் ஐஸில் வளையத்தை வைத்து விளையாடும் ரிங்கெட் பற்றி ஒரு வரி கூட இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் இதைத் தொடங்குகிறேன்.

என் மகளுக்கு 12 வயது. ஒட்டாவாவின் கிழக்குப் பக்கம் இருக்கிறோம். ஏழு வயதில் அவளை ஹொக்கியில் சேர்த்தோம். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் குழு. ஸ்கேட்டிங் அவளுக்கு மெதுவாகத்தான் வந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுடைய மட்டையில் பக் (ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கிற தட்டு) எத்தனை தடவை பட்டது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணியவள் நான்தான். ஒரு ஆட்டத்துக்கு ஒரு தடவை, சில நாட்களில் அதுவும் இல்லை. வேகமாக ஓடக்கூடிய இரண்டு பிள்ளைகள் பக்கை எடுத்தால் கோல் வரைக்கும் அவர்களே கொண்டு போவார்கள். என் பிள்ளை பின்னாலேயே போய்த் திரும்பி வருவாள். பயிற்சியாளரைக் குறை சொல்லவில்லை. அந்த வயதில் அந்த விளையாட்டு அப்படித்தான் நடக்கிறது.

அடுத்த வருடம் பக்கத்து வீட்டுக்காரி சொல்லி ரிங்கெட்டில் போட்டோம். பக்குக்குப் பதிலாக நீல நிற ரப்பர் வளையம். மட்டைக்கு வளைந்த அடிப்பாகம் கிடையாது, நேரான கம்புதான். அந்தக் கம்பின் நுனியை வளையத்துக்குள் குத்திப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். மற்றபடி அதே ஐஸ், அதே ஸ்கேட்ஸ், கோலியோடு சேர்த்து ஆறு பேர்.

ஆனால் ஒரு விதி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. ஐஸில் குறுக்கே இரண்டு நீலக்கோடுகள் இருக்கின்றன அல்லவா? எந்த வீராங்கனையும் ரிங்கைத் தானே வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற இன்னொருத்திக்கு அனுப்பியாக வேண்டும். எவ்வளவு பெரிய கெட்டிக்காரியானாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனை போக இரண்டு தடவையாவது கையைவிட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். முதல் ஆட்டத்தில் என் மகள் கோட்டுக்கு அந்தப் பக்கம் சும்மா நின்றுகொண்டிருந்தாள். அணியிலேயே வேகமான பிள்ளை வந்து, வேறு வழியில்லாமல், அவளுக்கு அனுப்பினாள். என் மகள் குத்தினாள், தவறவிட்டாள், மறுபடி குத்தினாள், ரிங் மாட்டியது. அப்போது அவள் தலையைத் தூக்கி நான் எங்கே நிற்கிறேன் என்று தேடினாள்.

அதற்குப் பிறகுதான் இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது, பெரிய பெண்கள் விளையாடும் அணிகள் எப்படி உருவாகின என்று வாசிக்கத் தொடங்கினேன். தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதினால் நல்லது.


வன்னிமகன் எழுதியது:

அக்கா, நான் ஸ்கார்பரோவில் 20 வருடமாக இருக்கிறேன். இந்தப் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். மனம் நோகாமல் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கேள்வி. ஹொக்கியில் பெண் பிள்ளைகளுக்கு இப்போது எவ்வளவோ வழி இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஹொக்கிக்கு ஸ்கொலர்ஷிப் கிடைக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து சம்பளம் கொடுக்கிற பெண்கள் லீக்கும் வந்துவிட்டது. ஒலிம்பிக் இருக்கிறது. ரிங்கெட்டில் இது ஒன்றுமே இல்லையென்றால் பிள்ளையின் காலத்தை ஏன் அங்கே செலவழிக்க வேண்டும்?


மாங்கனி ஊர் எழுதியது:

நான் சேலம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஐஸைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஆனால் வளையம் என்றதும் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பள்ளியில் 25 வருடம் டென்னிகாய்ட் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதே ரப்பர் வளையம்தானா இது? எங்கள் ஊரில் அதையும் பெண் பிள்ளைகளுக்கான விளையாட்டு என்றுதான் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மாவட்டப் போட்டிக்குப் போன பிள்ளைகளின் விரல் இடுக்கைப் பார்த்தால் தெரியும், அது எவ்வளவு கடுமையான ஆட்டம் என்று. கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.


ஓர்லியன்ஸ் அம்மா எழுதியது:

டீச்சர், உங்கள் கேள்விக்கு முதலில் வருகிறேன். நீங்கள் கேட்டது சரிதான், இரண்டும் சொந்தக்கார வளையங்கள். கப்பல் மேல்தளத்தில் பயணிகள் வலைக்கு மேலே வளையம் வீசி விளையாடிய டெக் டென்னிஸின் உறவுதான் டென்னிகாய்ட். ரிங்கெட்டின் தொடக்க நாட்களில் ஐஸில் போட்டுப் பார்த்ததும் அந்த டெக் டென்னிஸ் வளையத்தைத்தான்.

கதை 1963-இல் வடக்கு ஒன்ராறியோவில் தொடங்குகிறது. ரொறன்ரோவிலிருந்து வடக்கே காரில் நாலு மணி நேரம் போனால், நிப்பிசிங் ஏரிக்கரையில் நோர்த் பே என்ற ஊர் வரும். அந்த நகரசபையில் பூங்காக்கள், பொழுதுபோக்குப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் சாம் ஜாக்ஸ். ஸ்கொட்லாந்தில் பிறந்து சின்ன வயதில் கனடாவுக்கு வந்தவர். 1936-இல் ரொறன்ரோவில் வேலை செய்தபோது, ஐஸ் இல்லாமல் தரையில் விளையாடும் ஃப்ளோர் ஹொக்கிக்கு விதி எழுதியவரும் அவரே. அதில் நேரான கம்பும் நடுவில் துளை உள்ள தட்டும்தான். அந்த யோசனையைத்தான் பிறகு ஐஸுக்குக் கொண்டு வந்தார்.

அன்றைய நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஊருக்கு ஊர் அரீனா, அதாவது ஐஸ் போட்ட உள்ளரங்கம், கட்டியிருக்கிறார்கள். பின்னேரம் முழுக்கப் பையன்களின் ஹொக்கி. பெண் பிள்ளைகளுக்கு ஃபிகர் ஸ்கேட்டிங், இல்லையென்றால் தம்பிமாரின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருப்பது. ஜாக்ஸுக்கும் பிறந்த மூவருமே ஆண் பிள்ளைகள். என்றாலும் இந்தக் குறை அவர் கண்ணில் பட்டது. வடக்கு ஒன்ராறியோ ஊர்களின் பொழுதுபோக்கு அதிகாரிகள் கூடும் கூட்டத்தில் யோசனையை வைத்தார்.

அதை எடுத்துச் செய்து பார்த்தவர் இன்னொருவர். சட்பரிக்கு மேற்கே எஸ்பனோலா என்று ஒரு காகித ஆலை ஊர். அங்கே பொழுதுபோக்கு அதிகாரியாக இருந்த மர்ல் மக்கார்த்தி, எல்லோருக்கும் ‘ரெட்’ மக்கார்த்தி. அந்த ஊர் உயர்நிலைப்பள்ளிப் பெண் பிள்ளைகளை ஐஸில் இறக்கி, அவர்களை விளையாட வைத்துப் பார்த்துத்தான் முதல் விதிகளை உருவாக்கினார். முதல் ஆட்டம் நடந்ததும் எஸ்பனோலாவில்தான். கண்டுபிடித்த ஊர் நோர்த் பே, பிறந்து வளர்ந்த ஊர் எஸ்பனோலா என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஊருமே இன்றைக்கும் உரிமை கொண்டாடுகின்றன, இரண்டுக்கும் அந்த உரிமை உண்டு. 2023-இல் எஸ்பனோலாவின் காகித ஆலை நின்றுபோன செய்தியை வாசித்தபோது எனக்கு அந்த முதல் பிள்ளைகளின் ஞாபகம்தான் வந்தது. அவர்களில் எத்தனை பேரின் அப்பாமார் அந்த ஆலையில் வேலை செய்திருப்பார்கள்!

அப்புறம் வேகமாகப் பரவியது. 1969-இல் ஒன்ராறியோவில் சங்கம், 1974-இல் நாடு முழுவதற்கும் ரிங்கெட் கனடா, 1979-இல் வினிபெக்கில் முதல் தேசியப் போட்டி. ஜாக்ஸ் அந்தத் தேசியப் போட்டியைப் பார்க்கவில்லை, 1975-இலேயே இறந்துவிட்டார். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய் இந்த விளையாட்டுக்காகப் பேசியவர் அவருடைய மனைவி அக்னஸ் ஜாக்ஸ். 30 வருடம். அதற்காக அவருக்கு கனடாவின் ஓர்டர் ஒஃப் கனடா விருது கிடைத்தது. உலகக் கிண்ணத்துக்கு கணவரின் பெயர் இருக்கிறது. அந்த அம்மாவின் பெயரையும் இந்த இழையில் நாங்கள் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

வன்னிமகன் தம்பி, உங்கள் கேள்விக்கு இரவு வேலை முடிந்து வந்து எழுதுகிறேன். அது நல்ல கேள்வி.


மொங்ரன் குளிர் எழுதியது:

நான் நியூ பிரன்சுவிக்கில், மொங்ரனில் இருக்கிறேன். இங்கே வந்து ஆறு வருடம். ரிங்கெட் எனக்குத் தெரிய வந்தது வேலை இடத்தில். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் வெள்ளிக்கிழமை மத்தியானமே கிளம்பிவிடுவார், திங்கட்கிழமை காலை கண் சிவந்து வருவார். என்ன என்று கேட்டபோது, ‘இந்த வாரம் கியூபெக்கில் மூன்று ஆட்டம்’ என்றார்.

அவர் விளையாடியது ‘அட்லாண்டிக் அட்டாக்’ அணியில். ஓர்லியன்ஸ் அக்கா ‘பெரிய பெண்கள் விளையாடும் அணிகள்’ என்று கேட்டதால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

2004-இல் தேசிய ரிங்கெட் லீக் தொடங்கியது. அதற்கு முன்னால் மேல்மட்ட வீராங்கனைகள் மாகாணப் போட்டி, தேசியப் போட்டி என்று வருடத்தில் சில வாரங்கள்தான் ஒருவரோடு ஒருவர் மோத முடிந்தது. லீக் வந்த பிறகு குளிர்காலம் முழுக்க ஆட்டம். ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் நகரத்துக்கு ஒரு அணி வைக்க முடிகிறது: கேம்பிரிட்ஜ் டர்போஸ், ஒட்டாவா ஐஸ், மொன்றியல் மிஷன் என்று. மேற்கே கால்கரி ராத், எட்மன்டன் வாம். எங்கள் பக்கத்தில் மக்கள் தொகை அவ்வளவு இல்லை. அதனால் அட்லாண்டிக் மாகாணங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த ஒரு அணிதான். ஒரு ஊரின் அணி இல்லை இது, ஒரு பிராந்தியத்தின் அணி. மொங்ரனும் பக்கத்து டியெப்பும்தான் அதன் வீடு.

தூரத்தை யோசியுங்கள். மொங்ரனிலிருந்து மொன்றியல் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். ஒட்டாவா அதற்கும் மேலே. குளிர்காலத்தில் அந்த நெடுஞ்சாலையில் மூஸ் மான் குறுக்கே வரும் என்று மைலுக்கு ஒரு எச்சரிக்கைப் பலகை இருக்கும். எதிரணிக்காரர்கள் தங்கள் வீட்டுக் கட்டிலில் தூங்கி எழுந்து வருவார்கள். இவர்கள் பஸ்ஸில் தூங்கிவிட்டுப் போய் இறங்கி, சனி ஞாயிறுக்குள் இரண்டு மூன்று ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்ப வேண்டும். சம்பளம் கிடையாது. வீராங்கனைகள்தான் தங்கள் பங்குக்குக் கட்டணம் கட்டுகிறார்கள். மீதிக்கு உள்ளூர்க் கடைக்காரர்கள், சீட்டுக் குலுக்கல். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அந்தச் சீட்டு வாங்கியிருக்கிறோம்.

அந்தப் பெண் கேட்டதால் இங்கே நடக்கிற சிறு பிள்ளைகளின் போட்டி ஒன்றுக்கு நேரக் கணக்குப் பார்க்கப் போனேன். இப்போது ஒவ்வொரு வருடமும் போகிறேன். இதில் கூடைப்பந்து மாதிரி ஒரு கடிகாரம் உண்டு. ரிங் ஒரு அணியின் கைக்கு வந்தால் 30 நொடிக்குள் கோலை நோக்கி அடிக்க வேண்டும். 2000-ஐ ஒட்டி வந்த விதி இது. வளையத்தை மாறி மாறி அனுப்பி நேரத்தைக் கடத்துவது அதோடு முடிந்துபோனது. அந்தப் பொத்தான் என் கையில். கண்ணை இமைக்க முடியாது. பக் கட்டையில் மோதுகிற ‘டம்’ சத்தம் இதில் கிடையாது. ரிங் ஐஸில் சர்ரென்று போகும், அவ்வளவுதான். சத்தமெல்லாம் கம்போடு கம்பு மோதுவதில். எதிரியின் கம்பைக் கீழிருந்து மேலே தட்டித்தான் ரிங்கைப் பறிக்க வேண்டும், உடம்பால் இடிக்கக் கூடாது. அதனால் ஆட்டம் முழுக்க டக் டக் டக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. டியெப் பிரெஞ்சு பேசுகிறவர்கள் நிறைந்த ஊர். பிள்ளைகளில் பாதிப் பேர் பிரெஞ்சு, பாதிப் பேர் ஆங்கிலம். ஐஸில் கத்துகிற சொல் மட்டும் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான்: ‘பாஸ்!’


மாங்கனி ஊர் எழுதியது:

30 நொடி விதி இல்லாத காலத்தில் எப்படி ஆடியிருப்பார்கள் என்று யோசித்தால், கபடியில் 30 நொடி ரெய்டு வருவதற்கு முன்னால் மூச்சுப் பிடித்துக்கொண்டு கோட்டிலேயே நின்றது ஞாபகம் வருகிறது. நல்ல விதி.


வன்னிமகன் எழுதியது:

மொங்ரன் அண்ணை எழுதியதை வாசித்துவிட்டு என் மனைவிக்கும் காட்டினேன். அந்தப் பெண்களின் உழைப்பைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. நேற்று நானும் கொஞ்சம் வாசித்தேன். 1955-இல் ரொறன்ரோவில் அபி ஹொஃப்மன் என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளை, தலைமுடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு ‘அப்’ என்ற பெயரில் பையன்களின் ஹொக்கி அணியில் விளையாடியிருக்கிறாள். நன்றாக விளையாடியதால் சிறந்த வீரர்களின் அணிக்கே தெரிவாகிவிட்டாள். அங்கே பிறப்புச் சான்றிதழைப் பார்த்தபோதுதான் அது பெண் பிள்ளை என்று தெரிந்தது. பிறகு அவளுக்கு அங்கே இடம் இல்லை. அவள் வளர்ந்து கனடாவுக்காக 800 மீட்டர் ஓட்டத்தில் நாலு ஒலிம்பிக் போனாள்.

அது நடந்து சில வருடத்தில் ரிங்கெட் வருகிறது. அப்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: பெண் பிள்ளைகள் ஹொக்கி கேட்டார்கள், அதைக் கொடுக்க மனம் வராமல் ஆண்கள் வேறொன்றைச் செய்து கையில் கொடுத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது சரி. இப்போது ஹொக்கியின் கதவு திறந்துவிட்டது. இனியும் தனி விளையாட்டு எதற்கு?


ஓர்லியன்ஸ் அம்மா எழுதியது:

> பெண் பிள்ளைகள் ஹொக்கி கேட்டார்கள், அதைக் கொடுக்க மனம் வராமல் ஆண்கள் வேறொன்றைச் செய்து கையில் கொடுத்தார்கள்.

தம்பி, இதில் பாதி உண்மை. அதை நான் மறுக்க மாட்டேன். 1963-இல் ஒரு அரீனா அதிகாரிக்கு, பையன்களின் நேரத்தைக் குறைத்துப் பெண் பிள்ளைகளுக்கு ஹொக்கி கொடுப்பதைவிட, புதிதாக ஒன்றைத் தொடங்குவது சுலபமாக இருந்திருக்கும். 1980-களில்கூட ஜஸ்டின் பிளேனி என்ற ரொறன்ரோப் பெண் பிள்ளை பையன்களின் ஹொக்கி அணியில் இடம் கேட்டு நீதிமன்றமும் மனித உரிமை ஆணைக்குழுவுமாக ஏறி இறங்கி, 1987-இல்தான் அனுமதி வாங்க முடிந்தது. அந்தக் கதவு எவ்வளவு இறுக்கமாகச் சாத்தப்பட்டிருந்தது என்று அதிலிருந்தே தெரிகிறது.

ஆனால் மற்றப் பாதியையும் பாருங்கள். 1963-இல் கொடுத்தது ஒரு வளையமும் ஒரு கம்பும். அதை வைத்துக்கொண்டு 60 வருடம் என்ன செய்தார்கள் என்பது அந்தப் பெண்களின் கதை. விளையாடிய பிள்ளைகள் அம்மாவாகி, பயிற்சியாளராகி, நடுவராகி, சங்கத் தலைவியாகி, தங்கள் பிள்ளைகளை அதே ஐஸில் இறக்கினார்கள். என் மகளின் பயிற்சியாளர் அப்படிப்பட்டவர். அவருடைய அம்மாவும் விளையாடியவர். மூன்று தலைமுறை. ஹொக்கியில் என் மகள் இருந்த அந்த ஒரு வருடத்தில், பெஞ்சுக்குப் பின்னால் நின்ற பெரியவர்களில் ஒரு பெண்ணைக்கூட அவள் பார்க்கவில்லை. இங்கே தலைமைப் பயிற்சியாளரிலிருந்து கதவைத் திறந்து விடுகிறவர் வரைக்கும் எல்லோரும் பெண்கள். பிள்ளை அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் போன மாதம் சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கேட்ஸ் கட்டிவிட உதவிக்குப் போகிறேன் என்று தானே பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

1990-ஐப் பற்றி வாசித்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த வருடம் ஜனவரியில் முதல் உலக ரிங்கெட் போட்டி குளொஸ்டரில் நடந்தது. இப்போது அது ஒட்டாவாவோடு சேர்ந்துவிட்டது, என் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம். இரண்டு மாதம் கழித்து மார்ச்சில், அதே ஒட்டாவாவில், பெண்களின் முதல் அதிகாரபூர்வ உலக ஹொக்கிப் போட்டி. கனடா அணி பிங்க் உடுப்புப் போட்டு விளையாடியது. இறுதி ஆட்டத்துக்கு ஏறத்தாழ 9,000 பேர் வந்தார்கள், தொலைக்காட்சியில் காட்டினார்கள். அந்தக் கனடா அணியின் பின்கள வீராங்கனை ஜூடி டிடக் ரிங்கெட்டில் வளர்ந்தவர். 1998-இல் நகானோவில் பெண்கள் ஹொக்கி முதன்முறை ஒலிம்பிக்கில் வந்தபோது வெள்ளி வாங்கிய அணியிலும் அவர் இருந்தார்.

ஒரே வருடம், ஒரே நகரம், இரண்டு உலகப் போட்டி. ஒன்று அங்கிருந்து ஒலிம்பிக்குக்குப் போனது. மற்றது அரீனாவிலேயே இருந்தது. ஹொக்கிக்கு உலகம் முழுக்க ஆண்களின் சங்கங்கள் ஏற்கெனவே இருந்தன, ஐஸ் இருந்தது, பணம் இருந்தது. ரிங்கெட்டுக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. ஆட்டத்தின் தரத்தை வைத்து அதைத் தீர்மானிக்கவில்லை என்பதுதான் என் வாதம்.

ஸ்கொலர்ஷிப் பற்றி: உண்மை, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ரிங்கெட் கிடையாது. அதற்காகவே பிள்ளையை விளையாட விடுகிற பெற்றோருக்கு ஹொக்கிதான் சரி. இங்கே கனடா முழுவதும் சுமார் 30,000 பேர் விளையாடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் 18 வயதில் எந்தச் சான்றிதழும் இல்லாமல்தான் வெளியே வருவார்கள். என் மகளும் அப்படியே வரலாம். அவள் 12 வயதில் வாரத்துக்கு மூன்று நாள் காலை ஆறு மணிக்கு, நான் எழுப்பாமல் எழும்புகிறாள்.


ஆவுரா கரை எழுதியது:

பின்லாந்திலிருந்து எழுதுகிறேன். துர்க்குவில் படிக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் உள்ளே வராமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் ரிங்கெட் கனடாவை விட்டு வெளியே வந்து வேர் பிடித்த ஊர் இதுதான்.

1979-இல் யுஹானி வால்ஸ்டன் என்ற பின்லாந்து ஹாக்கி வீரர் இதை இங்கே கொண்டு வந்தார். 1960-களில் மூன்று ஒலிம்பிக் ஆடியவர். துர்க்குவில் சிறு பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். பத்து வருடத்துக்குள் நாட்டளவில் லீக் வந்துவிட்டது. 1994-இல் அமெரிக்காவின் செயின்ட் பாலில் நடந்த உலகப் போட்டியில் பின்லாந்து முதல் முறையாகக் கனடாவை முந்தித் தங்கம் வாங்கியது.

கனடா கடைசியாக ஜெயித்தது என்று நான் சொல்லக்கூடியது 2002, எட்மன்டனில். 2004 முதல் 2019 வரை நடந்த எல்லா உலகப் போட்டியிலும் பின்லாந்துதான். விளையாட்டுக்கு 50 வயது ஆனதைக் கொண்டாட 2013 கடைசியில் நார்த் பேயிலேயே போட்டியை வைத்தார்கள். சாம் ஜாக்ஸின் ஊரில், அவர் பெயருள்ள கோப்பையை அன்றும் எடுத்துக்கொண்டு வந்தது பின்லாந்துப் பெண்கள். இங்கே இருப்பவர்கள் அதைச் சொல்லும்போது பெருமைப்பட்டாலும், நார்த் பேயின் பெயரை மிகுந்த மரியாதையோடுதான் சொல்கிறார்கள்.

எனக்குத் தோன்றும் காரணம், இது என் கருத்து மட்டும்தான்: இந்த ஊரில் ரிங்கெட் ஆடும் பெண்ணைப் பார்த்து ‘ஏன் ஹாக்கிக்குப் போகவில்லை’ என்று யாரும் கேட்பதில்லை.


மொங்ரன் குளிர் எழுதியது:

> ‘ஏன் ஹாக்கிக்குப் போகவில்லை’ என்று யாரும் கேட்பதில்லை.

இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். என் அலுவலகப் பெண்ணிடம் நானே முதல் நாள் கேட்டேன்.

விட்டுப்போன ஒன்றைச் சேர்க்கிறேன். அட்லாண்டிக் பக்கத்துக்கு 1991 முக்கியமான வருடம். கனடா குளிர்கால விளையாட்டு விழா அந்த வருடம் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் நடந்தது, அதில்தான் ரிங்கெட் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு மாகாணமும் தன் சொந்தக் கொடியோடு அணி அனுப்பும் விழா அது. சின்ன மாகாணங்களும் அணி தயார் செய்ய வேண்டிய கட்டாயம் வந்தது. பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி, பிள்ளைகளைத் தேடி எடுப்பது, எல்லாம் அதற்காக நடந்த வேலை. இந்தப் பக்கத்தில் ஒரு பிராந்திய அணிக்கு ஆள் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

லீக் கோப்பைக்கு யார் பெயர் என்றும் சொல்லிவிடுகிறேன்: ஷான் சோவே. 1984-இல் கனடாவின் முதல் பெண் ஆளுநர் நாயகமாக வந்தவர்.


மாங்கனி ஊர் எழுதியது:

ஒரு சந்தேகம். கம்பின் நுனி நேராக இருக்கிறது என்கிறீர்கள். குத்துகிற ஆட்டம். முகத்துக்கு என்ன பாதுகாப்பு? பி.டி. டீச்சருக்கு முதலில் அதுதான் கண்ணில் படும்.


ஓர்லியன்ஸ் அம்மா எழுதியது:

டீச்சர், ஹொக்கித் தலைக்கவசத்தின் முகக்கம்பியில் சதுரச் சதுரமாக இடைவெளி இருக்கும். ரிங்கெட் கம்பின் நுனி அதற்குள் நுழைந்துவிடலாம். அதனால் இதற்கென்றே முக்கோண முக்கோணமாகக் கம்பி வைத்த முகமூடி வருகிறது. கோலி நிற்கிற அரைவட்டத்துக்குள் கோலியைத் தவிர யாரும் போகக் கூடாது. ரிங் அவர் கையில் வந்தால் ஐந்து நொடிக்குள் வெளியே எறிந்துவிட வேண்டும். கோல் பக்கத்துக் கடைசிப் பகுதியில் ஒரு அணிக்கு மூன்று பேருக்கு மேல் நிற்கக் கூடாது. பெரிய கூட்டமாக விழுந்து புரளுவது அநேகமாக இல்லை. விழுவார்கள், நீலம் பாயும், போன வருடம் என் மகளுக்கு மணிக்கட்டு பிசகியது. அது எல்லா விளையாட்டிலும் உள்ளதுதான்.


வன்னிமகன் எழுதியது:

அக்கா, ஒரு உதவி. என் தமக்கையின் மகளுக்கு எட்டு வயது. ஸ்கேட்டிங் பழகிக்கொண்டிருக்கிறாள். இரண்டு கிழமையாக நான் இந்த இழையை வீட்டில் சத்தமாக வாசித்ததில் அவள் நீலக்கோட்டு விதியைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். நேற்றுச் சாப்பாட்டு மேசையில் தமையனிடம் ‘நீ கோட்டுக்கு வந்துவிட்டாய், எனக்குத் தா’ என்று ரிமோட்டைப் பறித்தாள். சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் கொண்டுபோய்க் காட்ட வழி இருக்கிறதா? சாமான்கள் எல்லாம் புதிதாக வாங்க வேண்டுமா?


ஓர்லியன்ஸ் அம்மா எழுதியது:

இருக்கிறது தம்பி. ஆவணி, புரட்டாசியில் அநேகமான சங்கங்கள் ‘வந்து விளையாடிப் பார்’ என்று ஒரு இலவச நாள் வைக்கும். ரிங்கும் கம்பும் அங்கேயே கொடுப்பார்கள். ஸ்கேட்ஸ், தலைக்கவசம், கையுறை இருந்தால் போதும். ரொறன்ரோவைச் சுற்றி மிசிசாகா, எற்றோபிக்கோ, ரிச்மண்ட் ஹில் பக்கங்களில் சங்கங்கள் இருக்கின்றன.

சேர்த்த பிறகு வாங்க வேண்டியது முக்கோணக் கம்பி முகமூடி, கம்பு, பிறகு கணுக்கால் வரை வரும் நீளக் கால்சட்டை. ஹொக்கியின் அரைக்கால்சட்டை இதற்குப் போடுவதில்லை. முழங்கால், முழங்கைக் கவசங்கள் ஹொக்கியில் போடுகிறவைதான், பழையதே போதும். முகமூடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் பழையதாகத்தான் வாங்கினேன்.

என் மகளின் எட்டு வயதுக் கம்பு நிலக்கீழ் அறையில் கிடக்கிறது. பிடியில் சுற்றிய டேப் கொஞ்சம் பிய்ந்திருக்கிறது, மற்றபடி நல்லது. நத்தாருக்கு ஸ்கார்பரோ வருகிறோம், கொண்டுவருகிறேன். தனிச்செய்தியில் உங்கள் நம்பரை அனுப்புங்கள்.